கார்லைல் அணியின் 1912ஆம் ஆண்டு ஆட்டப் பருவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களிடையே அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தோர்ப்பின் பெயர் வரும்போதெல்லாம், அவர் பதக்கம் வென்ற அதே 1912ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஆடிய கார்லைல் கால்பந்து அணியைப் பற்றிய கேள்விகளும் தவறாமல் எழுகின்றன. பலரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். அந்தப் பருவத்தை ஒரு தனிமனிதரின் சாகசமாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது, அவருடன் களத்தில் நின்ற மற்ற பத்துப் பேருக்கும் இழைக்கப்படும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

"கார்லைல் இந்தியர்கள்"னு போட்டிருக்கே, இவங்க நம்ம நாட்டுல இருந்து போனவங்களா?

இல்லை. இவர்கள் வட அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள். அந்தக் காலத்து அரசாங்க ஆவணங்களும் செய்தித்தாள்களும் அவர்களை "இந்தியர்கள்" என்றே குறித்தன. அணியின் பெயரும் அப்படியே அமைந்தது. இந்த அணியில் ஒரே இனத்தவர் மட்டும் இருக்கவில்லை. தோர்ப், ஓக்லஹோமாவின் சாக் அண்ட் ஃபாக்ஸ் குடியைச் சேர்ந்தவர். குவார்ட்டர்பேக்காக, அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துபவராக இருந்த கஸ் வெல்ச்சும், ஜோ கையனும் ஓஜிப்வே குடியினர். அலெக்ஸ் அர்க்காசா மேற்கே வாஷிங்டன் மாநிலத்துக் கொல்வில் பகுதியிலிருந்தும், பீட் கலாக் கலிபோர்னியாவிலிருந்தும் வந்தவர்கள். ஒருவர் தாய்மொழி மற்றவருக்குப் புரியாத இளைஞர்களே அந்த அணியாகத் திரண்டிருந்தார்கள்.

இது காலேஜா, ஸ்கூலா? பெரிய பெரிய பல்கலைக்கழகங்களோட எப்படி ஆடினாங்க?

கார்லைல் ஒரு கல்லூரி அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் நகரில், கைவிடப்பட்டிருந்த ஒரு படைமுகாமில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற இராணுவ அதிகாரி 1879இல் தொடங்கிய அரசாங்கத் தொழிற்பள்ளி அது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசுவதைத் தடுத்து, வெள்ளையர் வாழ்க்கை முறைக்குப் பழக்குவதே அதன் நோக்கம். இந்தியனைக் கொன்று அவனுக்குள் இருக்கும் மனிதனைக் காப்பாற்ற வேண்டும் என்று பிராட் 1892இல் வெளிப்படையாகவே பேசினார். பாடங்கள் பெரும்பாலும் தொடக்கக் கல்வி அளவிலும், தச்சு, தையல், கொல்லுவேலை போன்ற கைத்தொழில்களிலுமே நின்றன.

ஆனால் மாணவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டியவர்கள். 1912இல் தோர்ப்புக்கு ஏறத்தாழ 25 வயது. உடல் வலுவிலும் அனுபவத்திலும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இணையானவர்கள் என்பதால், 1890களிலிருந்தே கார்லைல் அணி கல்லூரி அணிகளை எதிர்கொண்டது. அடிபடுகிறது என்று ஒரு கட்டத்தில் வெளியாட்டங்களைத் தடுத்திருந்த பிராட், மாணவர்களே வந்து வாதாடிய பிறகு இரண்டு நிபந்தனைகளுடன் அனுமதி தந்ததாக எழுதியிருக்கிறார்: எதிரணியினர் குத்தினாலும் திருப்பிக் குத்தக் கூடாது, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகச் சிறந்த அணியை வென்று காட்ட வேண்டும்.

கால்பந்துன்னா நாம ஆடுற ஃபுட்பாலா?

அல்ல. ரக்பியிலிருந்து கிளைத்த, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பந்து வைத்திருக்கும் அணிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்துக் கஜம் முன்னேறினால் புதிய முயற்சிகள் கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து கைமாறும். கிரிக்கெட்டில் ஓவருக்கு இத்தனை பந்து என்பதைப் போல, இந்த முயற்சிகளின் எண்ணிக்கையைச் சுற்றித்தான் வியூகம் முழுவதும் சுழல்கிறது. எதிரணி முனையில் உள்ள எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்ப்பது டச்டவுன். அதன் பின் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கூடுதலாக ஒரு புள்ளி. ஆட்டத்தின் நடுவே உதைத்து அடிக்கும் ஃபீல்டு கோலுக்கு மூன்று புள்ளிகள்.

1912ல விதிகள் மாறினதா சொல்றாங்களே, என்ன மாறிச்சு? அதுக்கும் கார்லைலுக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதுவரை மூன்றாக இருந்த முயற்சிகள் நான்காயின. டச்டவுனுக்கு ஐந்துக்குப் பதிலாக ஆறு புள்ளிகள் வந்தன. களத்தின் நீளம் 110 கஜத்திலிருந்து 100 கஜமாகக் குறைந்து, இரு முனைகளிலும் பத்துக் கஜ அளவில் முடிவுப் பகுதிகள் சேர்ந்தன. முன்னோக்கி எறியும் பாஸ் இருபது கஜத்தைத் தாண்டக் கூடாது என்ற தடையும் நீங்கியது. இன்றைய ஆட்டத்தின் எலும்புக்கூடு அந்த ஆண்டில்தான் முழுமை பெற்றது என்று சொல்லலாம்.

இதற்குப் பின்னணியில் உயிரிழப்புகள் இருந்தன. பழைய ஆட்டத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாக மோதி எதிரணியின் வரிசையை உடைப்பதே முக்கிய உத்தி. 1905இல் மட்டும் பதினெட்டுப் பேர் இறந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. 1906இல் முன்னோக்கி எறியும் பாஸ் சட்டமாக்கப்பட்டது. 1910இல் கைகோத்து மோதுவது தடைசெய்யப்பட்டது. எடை மிகுந்த அணிகளுக்கு இந்த மாற்றங்கள் இடையூறு. எடை குறைந்து, வேகமும் கூர்மையும் மிகுந்த கார்லைலுக்கோ கதவு திறந்தது போலாயிற்று. புதிய பாஸை மற்றவர்கள் தயங்கித் தயங்கித் தொட்டபோது, 1907இலேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று தோற்கடிக்க அதைத் துணிந்து பயன்படுத்தியவர்கள் இவர்கள்.

கோச் யாரு?

கிளென் ஸ்கோபி வார்னர்; "பாப்" வார்னர் என்றே உலகம் அறியும். 1899 முதல் 1903 வரையிலும், மீண்டும் 1907 முதல் 1914 வரையிலும் கார்லைலில் பயிற்சியளித்தார். சூழ்ச்சியான ஆட்ட அமைப்புகளை வகுப்பதில் வல்லவர். 1903இல் ஹார்வர்டுக்கு எதிராக, சட்டையின் முதுகுப்புறத்தில் பந்தை ஒளித்துக்கொண்டு சார்லஸ் டில்லன் என்ற வீரர் களம் முழுவதும் ஓடி டச்டவுன் அடித்த புகழ்பெற்ற தந்திரம் அவர் காலத்தது. அந்த ஆட்டத்தில் ஹார்வர்டே 12-11 என்று வென்றது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த சீசன்ல மொத்தம் எத்தனை மேட்ச், எத்தனை ஜெயிச்சாங்க?

பதினான்கு ஆட்டங்கள், பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். அடித்த புள்ளிகள் 504, விட்டுக்கொடுத்தவை 114. செப்டம்பர் 21ஆம் நாள் ஆல்பிரைட் கல்லூரியை 50-7 என்று வென்று தொடங்கினார்கள். லெபனான் வேலி, டிக்கின்சன், வில்லனோவா ஆகிய மூன்று அணிகளாலும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அக்டோபர் 5இல் வாஷிங்டன் அண்ட் ஜெபர்சன் கல்லூரியுடன் 0-0 என்று சமன். பிறகு சிரக்யூஸ் 33-0, பிட்ஸ்பர்க் 45-8, ஜார்ஜ்டவுன் 34-20, டொராண்டோ 49-1, லீஹை 34-14, இராணுவக் கல்லூரி 27-6 என்று வெற்றிகள் தொடர்ந்தன. நவம்பர் 16இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 26-34 என்று தோற்றார்கள். அதன்பின் ஸ்பிரிங்ஃபீல்டை 30-24 என்றும், நவம்பர் 28இல், நன்றி நவிலல் நாளன்று, பிரவுனை 32-0 என்றும் வென்று பருவத்தை முடித்தார்கள்.

டொராண்டோ ஆட்டத்தின் அந்த ஒற்றைப் புள்ளி அச்சுப்பிழை அல்ல. கனடா விதிகளில் ஒரே ஒரு புள்ளி எடுக்க வழியுண்டு. அமெரிக்க விதிகளில் அந்த வழி இல்லை.

கிட்டத்தட்ட எல்லா மேட்சும் வெளியூர்லயே ஆடியிருக்காங்களே, ஏன்?

பணம்தான் காரணம். கார்லைல் சிறிய நகரம். பெரிய கூட்டம் திரண்டது பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், வாஷிங்டன் போன்ற ஊர்களில். நுழைவுக் கட்டணத்தில் கார்லைலுக்குக் கிடைத்த பங்கு பள்ளியின் விளையாட்டு நிதியில் சேர்ந்தது. அந்த நிதி வார்னரின் பிடியில் இருந்தது. அதனால் வீரர்கள் வாரந்தோறும் இரயிலேறி, சில வாரங்களில் இரண்டு ஆட்டங்கள்கூட ஆடினார்கள். அக்டோபர் 26, சனிக்கிழமையன்று வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனுடன் மோதியவர்கள், திங்கட்கிழமை கனடாவில் டொராண்டோவுடன் மோதினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உழைப்பின் கனம் விளங்கும். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் களைப்பு தெரிவதில்லை.

வெஸ்ட் பாயின்ட் மேட்சைப் பத்தி ஏன் இவ்வளவு பேசுறாங்க? அன்னிக்கு என்ன நடந்துச்சு?

நவம்பர் 9இல், நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட்டில் உள்ள இராணுவக் கல்லூரியின் மைதானத்தில் நடந்தது அந்த ஆட்டம். ஒருபுறம் அமெரிக்கப் படையின் வருங்கால அதிகாரிகள். மறுபுறம் அதே படையால் நிலம் பறிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள். சூ குடியினரைப் படையினர் கொன்று குவித்த வூண்டட் நீ படுகொலை நிகழ்ந்தது 1890 டிசம்பரில். இந்த ஆட்டத்துக்கு 22 ஆண்டுகளுக்கு முன்புதான். வீரர்களில் பலர் அதற்குச் சற்று முன்னரோ பின்னரோ பிறந்தவர்கள்.

முதலில் டச்டவுன் அடித்தது இராணுவ அணியே. ஆனால் கூடுதல் புள்ளிக்கான உதை தவறியது. கார்லைலின் ஜோ பெர்கி பதிலுக்கு ஒரு டச்டவுன் அடிக்க, உதையும் சரியாக விழ, இடைவேளையில் நிலவரம் 7-6. அதன்பின் இராணுவ அணிக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. வார்னர் அன்று களமிறக்கிய அமைப்பில், பின்வரிசை வீரர்கள் இருவர் இரு பக்கங்களிலும் வரிசையின் ஓரத்தை ஒட்டி நின்றார்கள். பந்து எந்தப் பக்கம் போகும், ஓட்டமா பாஸா என்பதை எதிரணியால் கடைசி நொடி வரை ஊகிக்க முடியவில்லை. தோர்ப்பை நோக்கி எதிரணி முழுவதும் பாய்ந்தபோது பந்து அர்க்காசாவிடம் இருந்தது. இரண்டாம் பாதியின் மூன்று டச்டவுன்களும் அர்க்காசா அடித்தவை.

கையனை எதிர்கொள்ள முடியாமல் பொறுமையிழந்த இராணுவ அணித் தலைவர் லீலண்ட் டெவோர், அவரைத் தாக்கியதற்காக மூன்றாம் பகுதியில் வெளியேற்றப்பட்டார். முதல் பாதியில் கார்லைல் வீரர் ஒருவரும் குத்தியதற்காக வெளியேற்றப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரு தரப்பிலும் அன்று கொதிப்பு இருந்தது.

தோர்ப் 92 கஜம் ஓடி டச்டவுன் அடிச்சு, அது செல்லாதுன்னதும் அடுத்த உதையிலயே 97 கஜம் ஓடி மறுபடியும் அடிச்சாராமே, நிஜமா?

மிகவும் பரவிய கதை; ஆனால் கணக்கு இடங்கொடுக்கவில்லை. கார்லைல் எடுத்த 27 புள்ளிகள் நான்கு டச்டவுன்களும் மூன்று கூடுதல் உதைகளும் சேர்ந்தவை. நான்கு டச்டவுன்களையும் அடித்தவர்கள் யார் என்பது முந்தைய விடையில் இருக்கிறது: ஒன்று பெர்கி, மூன்று அர்க்காசா. அவற்றில் தோர்ப்புக்கு இடமே இல்லை.

உண்மையில் நடந்தது, எதிரணியினர் பலரைத் தாண்டி அவர் எல்லைக்கோடு வரை ஓடிய ஓர் ஓட்டம். கார்லைல் செய்த விதிமீறலால் அது செல்லாமற் போயிற்று. ஆட்டம் முழுவதும் அவர் கஜம் கஜமாக முன்னேற்றித் தந்த இடத்திலிருந்துதான் மற்றவர்கள் டச்டவுன்களை அடித்தார்கள். இதுவே போதிய பெருமை. இரண்டாவது ஓட்டத்தைப் புனைய வேண்டிய தேவை இல்லை.

ஐசன்ஹோவர் இந்த மேட்ச்ல ஆடினாரா?

ஆடினார். பின்னாளில் அமெரிக்க அதிபரான டுவைட் ஐசன்ஹோவர் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவர். தோர்ப்பை இருவராகச் சேர்ந்து மேலும் கீழும் தாக்கி ஆட்டத்திலிருந்தே வெளியேற்றிவிட வேண்டும் என்று அவரும் சார்லஸ் பெனடிக்ட் என்ற வீரரும் முயன்றார்கள். தோர்ப் சட்டென்று நின்று விலகிவிட, இருவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு களத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஐசன்ஹோவரின் கால்பந்து வாழ்க்கையை முடித்த முழங்கால் காயத்தைத் தோர்ப்போடு இணைத்துச் சொல்வது தவறு. அது அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியுடன் நடந்த ஆட்டத்தில் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஐசன்ஹோவர் தோர்ப்பின் திறமையை மேடையில் புகழ்ந்து பேசினார்.

வார்னர் மேட்சுக்கு முன்னாடி வூண்டட் நீயை ஞாபகப்படுத்தி உசுப்பேத்தினாராமே?

எதிரே நிற்பவர்களின் தந்தையரும் பாட்டன்மாரும்தான் உங்கள் தந்தையரோடும் பாட்டன்மாரோடும் போரிட்டார்கள் என்று வார்னர் சொன்னதாகக் கஸ் வெல்ச் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதை நம்பலாம். ஆனால் அந்தப் பேச்சால்தான் வென்றார்கள் என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. அந்த வரலாற்றை வெள்ளைக்காரப் பயிற்சியாளர் ஒருவர் நினைவூட்டித்தான் அவர்கள் அறிய வேண்டும் என்பதில்லை. புதிய விதிகளை மற்ற எவரையும்விட ஆழமாகப் புரிந்துகொண்டதே வெற்றிக்குக் காரணம். கோபம் மட்டும் 27 புள்ளிகளை ஈட்டித் தராது.

அவ்வளவு பெரிய வெற்றிக்கு அடுத்த வாரமே பென்சில்வேனியாகிட்ட ஏன் தோத்தாங்க?

பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் கார்லைலின் தாக்குதல் குறையவில்லை; 26 புள்ளிகள் எடுத்தார்கள். தற்காப்புதான் குலைந்தது. தோர்ப் தடுக்காமல் விட்டுவிட்ட ஒரு பாஸ் எதிரணிக்கு டச்டவுனாக முடிந்தது. வெஸ்ட் பாயின்ட்டில் வாங்கிய அடிகள், மேலே சொன்ன பயணக் களைப்பு, உச்சத்தைத் தொட்டபின் வரும் இயல்பான தளர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தன என்பது என் மதிப்பீடு.

சாம்பியன்னு யாரை அறிவிச்சாங்க?

அக்காலத்தில் அதிகாரபூர்வமான தேசியப் பட்டமோ இறுதி ஆட்டமோ கிடையாது. ஒன்பது ஆட்டங்களையும் வென்ற ஹார்வர்டையே பெரும்பாலானோர் 1912இன் சிறந்த அணியாகக் கருதுகிறார்கள். அது நியாயமான முடிவே. கால்பந்து முன்னோடியான வால்டர் கேம்ப், நாட்டின் சிறந்த வீரர்களைக் கொண்டு ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த "அனைத்து அமெரிக்க" அணியில் தோர்ப், 1911ஐப் போலவே 1912இலும் இடம்பெற்றார்.

ஒலிம்பிக் பதக்கத்தைப் பறிச்சதுக்கும் இந்த சீசனுக்கும் தொடர்பு உண்டா?

காலத்தால் உண்டு. 1912 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் தோர்ப் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லான், பத்துப் போட்டிகள் கொண்ட டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். கார்லைலின் இன்னொரு மாணவரான, ஹோப்பி குடியைச் சேர்ந்த லூயி தெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பருவம் முடிந்த சில வாரங்களில், 1913 ஜனவரியில், தோர்ப் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட்டில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடிய செய்தி மாசசூசெட்ஸ் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்தது. கல்லூரி மாணவர்கள் பலர் அப்போது புனைபெயரில் இவ்வாறு ஆடிச் சம்பாதித்தார்கள். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடினார். காசுக்கு ஆடாத அமெச்சூர்களுக்கு மட்டுமே அன்றைய ஒலிம்பிக்கில் இடமிருந்தது.

முடிவுகளை எதிர்க்க 30 நாள் கெடு என்று அந்த ஒலிம்பிக்கின் விதி சொல்லியிருந்தும், ஆறு மாதத்துக்குப் பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 1982இல் அவர் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டு, 1983இல் அவருடைய பிள்ளைகளிடம் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆனாலும் இணை வெற்றியாளர் என்றே குறித்தார்கள். தனி வெற்றியாளர் என்று திருத்தியது 2022இல்தான். தோர்ப் 1953லேயே இறந்துவிட்டார்.

அப்போ கார்லைல் பசங்களுக்கும் காசு கொடுத்துத்தான் ஆட வச்சாங்களா?

விளையாட்டு வீரர்களுக்குத் தனி விடுதி, மேலான உணவு ஆகியவை இருந்தன. விளையாட்டு நிதியிலிருந்து சிலருக்குப் பணம் தரப்பட்டது 1914ஆம் ஆண்டு விசாரணையில் வெளிப்பட்டது. ஆனால் நுழைவுக் கட்டணமாக வந்து குவிந்த தொகையோடு ஒப்பிட்டால், உடலைப் பணயம் வைத்தவர்களின் கைக்கு வந்தது மிகச் சிறிதே. தோர்ப்பைத் தூய அமெச்சூர் அல்ல என்று தண்டித்த உலகம், அவரை ஆடவைத்துப் பணம் ஈட்டிய அமைப்பை அந்த அளவுகோலால் அளக்கவில்லை.

தோர்ப் இல்லேன்னா இந்த டீம் ஒண்ணுமில்லதானே?

இதற்கு அடுத்த ஆண்டே விடை தந்தது. தோர்ப் 1913இன் தொடக்கத்தில் பள்ளியை விட்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணிக்குச் சென்றார். அவரில்லாத 1913ஆம் ஆண்டு அணி பத்து வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன் என்று முடித்தது; டார்ட்மத் கல்லூரியை 35-10 என்று தோற்கடித்தது. கையன் பிறகு ஜார்ஜியா டெக் அணியில் ஆடி, 1917இல் அந்த அணி நாட்டின் முதலிடத்தைப் பெறத் துணைநின்றார். வெல்ச் சட்டம் பயின்றார். தோர்ப் அந்த அணியின் மிகச் சிறந்த வீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் ஒருவரே அணியல்ல.

இவ்வளவு பேர் புகழ் பெற்றிருக்காங்களே, அப்போ அந்தப் பள்ளி நல்லதுதானே செஞ்சிருக்கு?

புகழ் பெற்றவர்கள் சில பத்துப் பேர். அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட குடிகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள். வீடு திரும்பாமல் அங்கேயே இறந்து புதைக்கப்பட்ட குழந்தைகளின் எச்சங்களை 2017 முதல் அமெரிக்க இராணுவம் தோண்டியெடுத்து அவரவர் குடும்பத்தாரிடம் ஒப்படைத்து வருகிறது. அணியின் வெற்றி அந்த இளைஞர்கள் ஈட்டியது. அதைப் பள்ளியின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

பள்ளியைப் பற்றி அந்த வீரர்களே என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஆவணச் சான்றும் உண்டு. நிர்வாகத்தின் மீது விசாரணை வேண்டும் என்ற விண்ணப்பத்துக்காக இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களின் கையொப்பங்களைத் திரட்டியவர், வெஸ்ட் பாயின்ட்டில் ஆட்டத்தை நடத்திய அதே கஸ் வெல்ச். 1914இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து சாட்சியம் கேட்டபோது, வெல்ச் வார்னருக்கு எதிராகவும் பேசினார். பள்ளியின் கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மன் பதவி இழந்தார். வார்னர் அந்த ஆண்டுப் பருவத்தோடு விலகிப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1918இல் பள்ளியே மூடப்பட்டது.